எழுத்து யாருக்குச் சொந்தம்?



சந்திப்பு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கத்திலிருந்து கேட்டார்கள். "கம்ப்யூட்டரைப் பத்தி எழுதுங்க. ஆனா மெக்கானிக்கல் படிச்சவங்களுக்கும் புரியணும்" என்று ஒரு நிபந்தனை வேறு! யோசித்துப் பார்த்தேன். சிவகாசிக்காரர்களுக்குக் கம்ப்யூட்டரைப் புரிய வைக்கச் சுருக்கு வழி அச்சாபீஸ் வழிதான். நம்மில் பலருடைய வீட்டில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் ஒருவராவது இருப்பார். ஆகவே அச்சு எழுத்தில் தொடங்கி, கட்டற்ற மென்பொருளில் வந்து நிற்கிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுமையாக வாருங்கள், சொல்கிறேன்.

ஈயத்தில் இருந்த எழுத்து

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்குப் போனதும், திரும்பி வந்து நம் ஊரில் தொழில் தொடங்கியதும் நமக்கெல்லாம் பாட்டி சொன்ன கதை மாதிரி மனப்பாடம். மழை குறைந்த வறண்ட பூமி. விவசாயத்துக்குச் சாபமாக இருந்த அந்த வெயில்தான் குச்சி காயவும், மருந்து காயவும், மை காயவும் உதவியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு உறை வேண்டும். லேபிள் அடிக்க வந்த அச்சுத் தொழில் காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று கிளை பரப்பிவிட்டது. ஆடிப் பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தைப் பிரிக்கிற ஊர் வேறு எது?

தமிழ் அச்சேறியது அதற்கெல்லாம் ரொம்ப முன்னால். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு நூல் தமிழ் எழுத்தில் அச்சானது. 1715-இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு வந்தது. அப்போதிலிருந்து நம் அப்பாக்களின் காலம் வரை தமிழ் எழுத்து உலோகத்தில்தான் இருந்தது.

கை அச்சுக் கோப்பைப் பார்த்திராத இளைய தலைமுறைக்காக ஒரு வார்த்தை. சாய்வான மரப் பலகையில் சின்னச் சின்ன அறைகள். அதற்குக் 'கேஸ்' என்று பெயர். ஒவ்வொரு அறையிலும் ஒரு எழுத்து. கம்பாசிட்டர் நின்றுகொண்டே ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக் கையிலிருக்கும் ஸ்டிக்கில் அடுக்குவார், அதுவும் இடம் வலம் மாறி! வேலை முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து மறுபடி அந்தந்த அறையில் போட வேண்டும். தேய்ந்துபோன டைப்பை உருக்க அனுப்புவார்கள்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். அந்த டைப்பை அச்சாபீஸ்காரர் எடைக்கு எடை காசு கொடுத்து வாங்கினார். வாங்கிய பிறகு அது அவருடைய சொத்து. எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். உற்றுப் பார்த்தால் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தெரியும். பக்கத்து அச்சாபீஸில் 'ழ' தீர்ந்துவிட்டால் நாலு 'ழ' கடன் கொடுக்கலாம். சரியில்லை என்றால் வேறு வார்த்துக்கொள்ளலாம். 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது. பெரியார் 1935 முதல் தம் பத்திரிகையில் பயன்படுத்தி வந்த வடிவங்கள் அதில் ஏற்கப்பட்டன. ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று மொத்தம் 13 எழுத்துகளின் உருவம் மாறியது. அச்சாபீஸ்கள் என்ன செய்தன? புது வடிவத்துக்குப் புது டைப் வந்தது, பழையது உருக்குப் பாத்திரத்துக்குப் போனது. அவ்வளவுதான். யாரிடமும் உரிமம் கேட்டு மனுப் போட வேண்டியிருக்கவில்லை.

பெட்டிக்குள் போன எழுத்து

1985-இல் அமெரிக்காவில் மூன்று சாமான்கள் ஒன்று சேர்ந்தன. ஆப்பிள் நிறுவனத்தின் லேசர் பிரின்டர், அதற்குள் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட், ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர். மேஜை மேலேயே பக்கம் தயாரிக்கும் டி.டி.பி. பிறந்தது. தொண்ணூறுகளில் அது நம்ம ஊர் ரத வீதி வரைக்கும் வந்துவிட்டது. கம்பாசிட்டர்கள் சிலர் கீபோர்டுக்கு மாறினார்கள், பலர் வேறு வேலை தேடிப் போனார்கள். எழுத்து கேஸை விட்டுக் கிளம்பிக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போய்விட்டது. போன இடத்தில் ஒரு வில்லங்கம் காத்திருந்தது.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். ஆங்கில 'ஏ' எழுத்துக்கு 65 என்ற எண்ணை அமெரிக்கத் தர அமைப்பு 1960-களிலேயே கொடுத்துவிட்டது. அதனால் உலகத்தில் எந்த மூலையில் 65 என்று வந்தாலும் அது 'ஏ'தான். தமிழ் 'க'வுக்கு எந்த எண்? இந்தியத் தர நிறுவனம் 1991-இல் 'இஸ்கி' என்று ஒரு தரத்தை வெளியிட்டது. ஆனால் அதை வைத்து எழுத்தைத் திரையில் சரியாகச் சேர்த்துக் காட்டத் தனி வன்பொருளோ மென்பொருளோ வேண்டும். பேஜ்மேக்கர் போன்றவற்றுக்கு அது தெரியாது. ஆகவே எழுத்துரு விற்பவர்கள் குறுக்கு வழியில் போனார்கள். ஒரு ஃபாண்டில் 256 அறைகள். அதில் பாதியை ஆங்கிலம் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தது. தமிழுக்கோ 247 எழுத்து. எனவே எழுத்தைத் துண்டு போட்டார்கள். கொம்பு தனி, கால் தனி, சுழி தனி. அந்தத் துண்டுகளைக் கிடைத்த அறைகளில், அவரவர் இஷ்டத்துக்கு வைத்தார்கள். ஒரு கம்பெனியின் 'க' இன்னொரு கம்பெனியின் 'மு'.

இதன் விளைவு டி.டி.பி. சென்டர் படியேறிய எல்லாருக்கும் தெரியும். இலங்கையிலும் இங்கேயும் புழங்கிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்து, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி! தமிழ் என்று நாம் நினைத்ததற்குள்ளே தமிழே இல்லை. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

வேஷம் என்பதால் எத்தனை தொல்லை! கோப்பை வேறு சென்டருக்குக் கொண்டுபோனால் "அந்த ஃபாண்ட் நம்மகிட்ட இல்லியே அண்ணாச்சி" என்பார்கள். வாக்கியத்தில் ஒரு சொல்லைத் தேட முடியாது. பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் அடுக்க முடியாது, ஏனென்றால் 'கொ'வில் கொம்பு முதலில் வந்து உட்கார்ந்துவிடும். விலை கொடுத்து வாங்கிய எழுத்துருவுக்குப் பூட்டு வேறு. பிரின்டர் போர்ட்டில் ஒரு சின்னக் கட்டையைச் செருகினால்தான் சில மென்பொருள்கள் வேலை செய்யும். கட்டை தொலைந்தால் எழுத்தும் போச்சு. ஈய டைப் வைத்திருந்தவருக்குக் கேட்காமலேயே இருந்த அத்தனை உரிமையும், கம்ப்யூட்டர் வாங்கிய அன்றைக்குக் கைவிட்டுப் போனது. இதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை. வேகம் கண்ணை மறைத்துவிட்டது.

பேப்பர் சிக்கிய கதை

இனி கடல் தாண்டிப் போவோம். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் மூலக் கதை ஒரு பிரின்டரில்தான் தொடங்குகிறது என்றால் நம்ம ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரின்டரைக் கொடுத்தது. அதில் அடிக்கடி பேப்பர் சிக்கும். (மிஷின் எதுவானாலும் பேப்பர் பேப்பர்தானே!) அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், அதற்கு முந்தைய பிரின்டரின் நிரலைத் திருத்தி, பேப்பர் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி செய்திருந்தார். புதிய பிரின்டரிலும் அதையே செய்யலாம் என்று பார்த்தால், மூல நிரல் கொடுக்கப்படவே இல்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருக்கிறது என்று கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார்.

நம்ம ஊரில் டிரெடில் மிஷின் மக்கர் பண்ணினால் ஃபோர்மேன் கழற்றிப் பார்த்து, பட்டறையில் ஒரு பாகத்தைச் செய்து மாட்டிவிடுவார். "மூடியைத் திறக்காதே" என்று மிஷின் விற்றவர் சொன்னால் சிரிப்பார். மென்பொருளில் மட்டும் மூடி சீல் வைத்து வருகிறது. ஸ்டால்மனுக்குப் பட்டதும் இதுதான். 1983 செப்டம்பர் 27-ஆம் தேதி 'க்னூ' திட்டத்தை அறிவித்தார். எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இருக்கிறது என்று படிக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தி வெளியிடலாம் என்று நாலு சுதந்திரங்கள். மேலே சொன்ன ஈய டைப்பை ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். அதே நாலு! 1989-இல் இந்தச் சுதந்திரங்களைச் சட்ட மொழியில் வைத்து ஜி.பி.எல். உரிமம் வந்தது. 1991-இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸ் கருவை எழுதி, அடுத்த வருஷம் அதே உரிமத்தில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது நம் இறுதியாண்டு மாணவர்களின் வயதுதான்.

அச்சுக்கு இன்னும் நெருங்கிய உறவினர் ஒருவர் உண்டு, டொனால்ட் நூத். கணினி நிரலாக்கம் பற்றிய தம் பெரிய நூலின் மறுபதிப்புக்கு 1977-இல் வந்த கேலி புரூஃபைப் பார்த்து அவருக்கு மனசே ஆறவில்லை. எழுத்து அவ்வளவு மோசம். "நாமே ஒரு கோப்பு முறை செய்தால் என்ன?" என்று இறங்கினார். ஒரு வருஷம் போதும் என்று தொடங்கியது பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. அப்படி வந்ததுதான் 'டெக்' என்ற மென்பொருள். அதை நிரலோடு சேர்த்து உலகத்துக்குக் கொடுத்துவிட்டார். பிழை கண்டுபிடித்தவருக்குத் தொடக்கத்தில் 2 டாலர் 56 சென்ட் செக்! அந்தச் செக்கை மாற்றாமல் சட்டம் போட்டு மாட்டியவர்கள்தான் அதிகம். அந்த டெக்கில் தமிழ் அச்சிட, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே என்பவர் ஒரு தமிழ் எழுத்துருவும் செய்து கொடுத்தார். புரூஃப் பார்த்து வயிறெரிந்தவர் நம்ம ஊரில் எத்தனை ஆயிரம் பேர்! ஆனால் அவர்கள் கையில் அப்போது கம்ப்யூட்டர் இல்லை.

வெளியூர்த் தமிழர் வைத்த விதை

தமிழில் இந்தப் பகிரும் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்களில் பலர் கடல் தாண்டி இருந்தவர்கள். ஊரில் இருப்பவனுக்கு எழுதத் தாள் போதும். தூர தேசத்தில் இருப்பவனுக்குக் கம்ப்யூட்டரில் தமிழ் வந்தால்தான் ஊரோடு பேச்சு. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்து காசு வாங்காமல் கொடுத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழைக் கொண்டுவர உழைத்தார். 1997-இல் அங்கே நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டின் பின்னால் இருந்தவர் அவரே. 1999 மே மாதம் காலமானார். அவரவர் ஆளுக்கொரு எண் வரிசை வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை. பிறகு ஆர்வலர்கள் கடிதம் எழுதி விவாதித்து, 'திஸ்கி' என்ற பொது வரிசைக்கு வந்தார்கள். அதற்கு அரசாணை கிடையாது, சம்பளம் கிடையாது.

1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து சங்க இலக்கியத்திலிருந்து இந்த நூற்றாண்டு வரை தட்டச்சு செய்து, பிழை திருத்தி அனுப்பினார்கள். இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தமிழ் படிக்கிற நம் பிள்ளைகள் செல்போனில் பழைய பாட்டு ஒன்றைத் தேடி எடுக்கிறார்கள் என்றால், முகம் தெரியாத ஒருவர் எங்கோ கண் விழித்து அடித்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஊருக்கெல்லாம் ஒரே எண்

1999 பிப்ரவரியில் தமிழக அரசு சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாட்டை நடத்தியது. பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன் முன்னின்றார். டாம், டாப் என்று இரண்டு எழுத்துருத் தரங்களும், உயிரெழுத்து இடப்பக்கம், மெய் வலப்பக்கம் என்று அமைந்த 'தமிழ் 99' விசைப்பலகையும் வந்தன. விசைப்பலகை இன்றும் நிற்கிறது. எண் வரிசையைப் பொறுத்தவரை உலகம் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது.

1991-லேயே யூனிகோடு வந்துவிட்டது. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். 'அ'வுக்கு 2949, 'க'வுக்கு 2965. சிவகாசியிலும் 2965, சிட்னியிலும் 2965. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடு இதை ஆதரித்தது. இ-கலப்பை போன்ற மென்பொருள்கள் வந்து சாதாரண ஆட்களும் யூனிகோடில் அடிக்க வழி செய்தன. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டின்போது தமிழக அரசு யூனிகோடையும், கூடவே 'டேஸ் 16' என்ற தரத்தையும் ஏற்று ஆணையிட்டது. நான் கடைசி செமஸ்டர் எழுதிவிட்டு வெளியே வந்த வருஷம் அது.

யூனிகோடு குறையே இல்லாதது என்று சொல்லமாட்டேன். இஸ்கியைப் பார்த்து அமைத்ததால் தமிழில் மெய்யெழுத்துக்குத் தனி இடம் கிடைக்கவில்லை. 'க்' என்றால் 'க'வும் புள்ளியும் சேர்ந்த இரண்டு எண்கள். தமிழ் இலக்கணம் இதைத் தலைகீழாகத்தான் சொல்லும். பைத்தான் மொழியில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள், 5 என்று பதில் வரும். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை 3 என்று சரியாகச் சொல்லும்! அதற்காகத்தான் எல்லா எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் டேஸ் 16 வந்தது. ஆனால் உலகம் முழுக்கப் புழக்கத்தில் நின்றது யூனிகோடுதான். குறையைச் சரிக்கட்ட முத்து அண்ணாமலை என்ற பொறியாளரும் நண்பர்களும் 'ஓப்பன் தமிழ்' என்ற நிரல் தொகுப்பை எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டால் 3 என்று சொல்லும். தமிழிலேயே நிரல் எழுத 'எழில்' என்ற மொழியைச் செய்தவரும் இவரே. தரம் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததால்தான், குறையைக் கண்டவர் யாருடைய வாசலிலும் போய் நிற்காமல் தாமே சரி செய்ய முடிந்தது.

உங்கள் செல்போனில் 'கொ' சரியாகத் தெரிகிறதே, கொம்பை முன்னால் வைத்துக் காலைப் பின்னால் வைப்பது யார்? ஆண்ட்ராய்டிலும் பல உலாவிகளிலும் அந்த வேலையைச் செய்வது 'ஹார்ஃப்பஸ்' என்ற கட்டற்ற மென்பொருள். பாரசீகத்தில் 'திறந்த எழுத்து' என்று பொருள். இந்தக் கால கம்பாசிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒரு பெட்டி சி.டி.

இவ்வளவும் பழங்கதை, இப்போது என்ன குறைச்சல் என்று கேட்கலாம். இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஓர் அச்சாபீஸ் அண்ணாச்சி தொழிலை மகனிடம் ஒப்படைத்தார். பழைய சாமானோடு ஒரு அட்டைப் பெட்டி நிறைய ஃபிளாப்பியும் சி.டி.யும் இருந்தன. 1996-லிருந்து 2012 வரை செய்த வேலைகள். கோயில் கும்பாபிஷேக மலர்கள், உள்ளூர்க் கவிஞர்களின் சின்னச் சின்னப் புத்தகங்கள், பள்ளிக்கூட வெள்ளி விழா மலர்கள், நம் கல்லூரியின் பழைய ஆண்டு மலர்கள்கூட.

"தம்பி, இதைக் கடையில போட்டா கிலோவுக்கு என்ன கொடுப்பான்?" என்றார்.

"அண்ணாச்சி, ஒரு மாசம் என்கிட்ட விடுங்க" என்று வாங்கி வந்தேன்.

ஃபிளாப்பிகளில் பலவற்றைப் படிக்க முடியவில்லை. சி.டி.க்கள் பெரும்பாலும் பிழைத்திருந்தன. கோப்புகள் நாலைந்து வகை எழுத்துருவில் இருந்தன. ஒன்றுக்குப் பூட்டுக் கட்டை காணோம், விற்ற கம்பெனியும் இப்போது இல்லை. அந்த எழுத்துருவில் அடித்த ஆபரேட்டர் திருப்பூருக்குப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல், அச்சான பக்கம் கிடைத்தவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த எண்ணுக்கு எந்தத் துண்டு என்று நானே ஒரு பட்டியல் போட்டேன். பட்டியலை வைத்து பைத்தானில் ஒரு மாற்றி எழுதினேன். நிரல் சின்னதுதான். கொம்பைத் தூக்கி எழுத்துக்குப் பின்னால் போட வேண்டும், அவ்வளவே என்று தோன்றும். ஆனால் அச்சாபீஸ் அவசரத்தில் அடித்தவர்கள் 'ர'வுக்குப் பதில் காலைப் போட்டிருப்பார்கள், காலுக்குப் பதில் 'ர'வைப் போட்டிருப்பார்கள். 'ஔ'வை 'ஒ'வும் 'ள'வுமாக அடித்திருப்பார்கள். தாளில் அடித்தால் வித்தியாசம் தெரியாது. கோப்பிலோ ஒவ்வொன்றும் வேறு எண்! டிசம்பர் விடுமுறை முழுக்கவும், பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகளும் அதற்கே போயின.

கிடைத்தது என்ன தெரியுமா? கல்லூரி மலர் ஒன்றில் நம் தமிழய்யா ஒருவர், தீப்பெட்டித் தொழிலில் புழங்கும் சொற்களை வீடு வீடாகக் கேட்டுத் தொகுத்து எழுதியிருந்தார். குச்சி அடுக்குவதில் தொடங்கி, மருந்து முக்குவது, பெட்டி ஒட்டுவது வரை பெண்கள் பேசுகிற பேச்சு அப்படியே இருக்கிறது. நூலகத்திலிருந்த அந்த ஆண்டு மலரைக் கரையான் தின்றுவிட்டது. கையால் அடுக்கும் வேலையும் பெரும்பாலும் மிஷினுக்குப் போய்விட்டது. நான் பார்த்தவரை அந்தப் பட்டியலுக்கு மிச்சமிருந்த பிரதி இந்த சி.டி. ஒன்றுதான். எடைக்குப் போயிருந்தால் இருபது ரூபாய் வந்திருக்கும்.

ஒரு அண்ணாச்சியின் பெட்டியில் இவ்வளவு என்றால் ஊரிலுள்ள மற்ற அச்சாபீஸ்களில் எவ்வளவு இருக்கும்! ஓலைச்சுவடியைத் தேடி ஊர் ஊராகப் போன உ.வே.சா.வைப் போற்றுகிறோம். முந்நூறு வருஷ ஓலையைப் படிக்க முடிகிறது. முப்பது வருஷத்துக் கோப்பைப் படிக்க முடியவில்லை. செல்லரித்ததால் வந்த வினை இல்லை இது. எழுத்துக்குப் பூட்டுப் போட்டதால் வந்தது.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அண்ணாச்சி கேட்டார்: "எல்லாத்தையும் சும்மா கொடுன்னு சொல்லுதியே தம்பி, அப்ப நீ எதைத் தின்ப?"

நியாயமான கேள்வி. இங்கிலீஷில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இரண்டு அர்த்தத்துக்கும் நிற்பதால் அங்கே விளக்கி விளக்கி ஓய்ந்துபோகிறார்கள். தமிழில் அந்தச் சிக்கலே இல்லை. இலவசம் என்றால் காசில்லாதது. கட்டற்றது என்றால் தளை இல்லாதது. ஈய டைப்பைக் காசு கொடுத்துத்தானே வாங்கினார்கள்? ஆனாலும் தளை இல்லை. அதே மாதிரி, காசில்லாமல் கிடைத்தும் தளையோடு இருக்கிற மென்பொருள் இன்று செல்போன் நிறைய இருக்கிறது. ரெட் ஹேட் என்ற கம்பெனி லினக்ஸைப் பராமரித்துக் கொடுக்கிற வேலையை விற்றே வளர்ந்தது. 2019-இல் ஐ.பி.எம். அதை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. எழுத்து பொது, அச்சடிக்கிற கூலி தனி. நம்ம ஊர் வியாபாரம்தானே இது?

என் சம்பளமும் விலைக்கு விற்கிற மென்பொருளிலிருந்துதான் வருகிறது. பட்டாசு மருந்துக் கலவையை ஒருவர் ரகசியமாக வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எழுத்து, கோப்பு வடிவம், விசைப்பலகை இவையெல்லாம் ஊர்க் கிணறு மாதிரி. அதற்குப் பூட்டுப் போடக் கூடாது என்பதுதான் என் கட்சி.

திருட்டு சி.டி.யைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் காலத்தில் எந்த சென்டரிலும் பூட்டு உடைத்த சாஃப்ட்வேர் ஓடாத கம்ப்யூட்டர் அபூர்வம். "நமக்கு எல்லாமே ஃப்ரீதானே" என்று சிரிப்போம். உடைத்த பூட்டு சுதந்திரம் ஆகாது. உள்ளே பார்க்கவும் முடியாது, திருத்தவும் முடியாது, வெளியே சொல்லவும் முடியாது. இன்று அந்த அவசியமும் குறைந்துவிட்டது. லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், முக்தா மலர், மீரா இனிமை என்று முறையான திறந்த உரிமத்தில் நல்ல தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. தொழிலுக்கும் பயன்படுத்தலாம். பக்கம் அமைக்க ஸ்க்ரைபஸ், படம் வரைய இங்க்ஸ்கேப், புகைப்படத்துக்கு கிம்ப். ஸ்க்ரைபஸ் பல வருஷம் தமிழ் யூனிகோடைச் சரியாகக் காட்டாமல் படுத்தியது, இப்போது தேறிவிட்டது.

தம்பி தங்கைகளுக்கு

நாங்கள் படித்தபோது உபுண்டு சி.டி. வேண்டும் என்று பதிவு செய்தால் தபாலில் காசில்லாமல் வீட்டுக்கே வரும். 2011-இல் அதை நிறுத்தினார்கள். ஹாஸ்டலில் அந்த உறையைப் பிரிக்க ஒரு கூட்டமே நிற்கும். லேபில் டர்போ சி-யின் நீலத் திரை, அறையில் லினக்ஸின் கறுப்புத் திரை! பக்கத்துத் திருவனந்தபுரத்தில் 2001-லேயே ஸ்டால்மன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். கேரளப் பள்ளிக்கூடங்கள் லினக்ஸுக்கு மாறின. நம் மாநிலத்தில் 2011 முதல் கொடுத்த விலையில்லா மடிக்கணினியிலும் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர் என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்.

இன்று நீங்கள் எழுதும் நிரலில் பெரும்பகுதி யாரோ எழுதிப் பொதுவில் வைத்ததன் மேல்தான் நிற்கிறது. எடுத்துக்கொள்வதில் நாம் கெட்டிக்காரர்கள். திருப்பி வைப்பதில்தான் பின்தங்கியிருக்கிறோம். பெரிதாக ஒன்றும் வேண்டாம். இறுதியாண்டு புராஜெக்டை சி.டி.யில் போட்டு பீரோவில் வைக்காமல் ஒரு திறந்த உரிமத்தோடு வெளியிடுங்கள். தமிழில் ஒரு பிழை கண்டால் அதை எழுதியவருக்குத் தெரிவியுங்கள். தமிழில் இதைப் படிக்க வேண்டுமானால் 2012 முதல் வரும் 'கணியம்' இருக்கிறது. அங்கே எழுதவும் செய்யலாம். கம்பாசிட்டர் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் அந்தக் காலத்துப் பையன் தொழில் கற்றான். மற்றவர் நிரலைப் படித்துக் கற்பதும் அப்படித்தான்.

முன்னாள் மாணவர்களுக்கும் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சந்திப்புக்குள் கல்லூரி லேபில் இரண்டு நாள் ஒதுக்கி, ஊரிலுள்ள அச்சாபீஸ்களின் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கும் முகாம் ஒன்றை நடத்தலாம். என் மாற்றியை நிரலோடு தருகிறேன், நானும் வருகிறேன். மாணவர்கள் இருபது பேர் போதும். உரிமையாளர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதிப்பதை மட்டும் பொதுவில் வைப்போம், மற்றதை அவர்களிடமே ஒப்படைப்போம். சி.டி. இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே தள்ளிப் போடாமல் செய்ய வேண்டிய வேலை.

அச்சுத் தொழிலில் இருக்கும் நண்பர்களே, உங்கள் அலமாரியிலும் அப்படி ஒரு அட்டைப் பெட்டி இருக்கும். எடைக்குப் போடும் முன் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.